தாய் நுழைந்த வாயில்

உதவி செய்தவர்கள் எழுதிய நூல்கள் உலகில் நிறைய உண்டு. உதவி பெற்றவர்கள் எழுதியவை மிகக் குறைவு. ஒரே இல்லத்தைப் பற்றி அதனைத் தோற்றுவித்தவர் ஒரு நூலும், அதன் படியேறி வந்த ஓர் ஏழைப் பெண் இன்னொரு நூலும் எழுதியிருப்பது அரிதினும் அரிது. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபோது எழுந்த எண்ணங்களை இங்கே முன்வைக்கிறேன். பிள்ளைகளைக் கடல் கடந்த நாடுகளில் குடியமர்த்திவிட்டு, தொலைபேசியில் பேரக்குழந்தைகளின் குரலைக் கேட்டு மகிழும் குடும்பங்கள் நம்மில் மிகுதி. எனவே இது நமக்குப் புறம்பான செய்தி என்று வாசகர்கள் ஒதுக்கிவிட மாட்டார்கள் என நம்புகிறேன்.

முதல் நூல், ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1910-இல் வெளியிட்ட ‘ஹல் இல்லத்தில் இருபது ஆண்டுகள்’. இரண்டாவது, ஹில்டா சாட் போலாசெக் எழுதி 1989-இல் அச்சேறிய ‘அந்நியளாய் வந்தேன்’. முன்னவர் அமைதிக்கான நோபல் பரிசை 1931-இல் பெற்றவர், உலகம் அறிந்தவர். பின்னவர் பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்த சிறுமி.

ஹல் இல்லத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகாகோ நகரின் ஹால்ஸ்டெட் தெருவில், சார்லஸ் ஹல் என்பவர் 1856-இல் கட்டிய பழைய மாளிகை ஒன்று இருந்தது. 1889 செப்டம்பரில் ஆடம்ஸும் அவருடைய தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் அதில் குடிபுகுந்தனர். லண்டனில் 1884-இல் தொடங்கப்பெற்ற டாயின்பி மன்றத்தை நேரில் கண்டு வந்ததன் விளைவு அது. படித்தவர்கள் ஏழைகளின் தெருவிலேயே சென்று தங்கி, அண்டை வீட்டாராக வாழவேண்டும் என்பது அம்மன்றத்தின் கொள்கை. சிகாகோ அப்போது குடியேறிகளின் நகரம். 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்நகர மக்களில் நான்கில் மூவருக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். ஹால்ஸ்டெட் தெருவைச் சுற்றி இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், பொஹீமியர், ஐரிஷ்காரர், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த யூதர் எனப் பல இனத்தவரும் நெருக்கியடித்து வாழ்ந்தனர்.

அம்மையாரின் நூலில் என்னை முதலில் கவர்ந்தது அவருடைய வெற்றிகளைப் பற்றிய பகுதியன்று. தொடக்கத்தில் செய்த தவறுகளை அவர் மறைக்காமல் எழுதியிருக்கும் பாங்குதான். இல்லம் திறந்த புதிதில் ஒரு வாசிப்புக் கூட்டம் தொடங்கினார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்த நூல், ஜார்ஜ் எலியட் என்ற ஆங்கிலப் பெண்மணி பழைய ஃபிளாரன்ஸ் நகரைக் களமாகக் கொண்டு எழுதிய ‘ரொமோலா’ எனும் நாவல். சுற்றிலும் இத்தாலியக் குடும்பங்கள். அவர்களிடையே இத்தாலியைப் பற்றி ஆங்கிலத்தில் வாசிப்பு! இதை எண்ணும்போது சிரிப்பு வருகிறது. கூடவே, நம் பக்கத்துக் கல்விக் கழகங்கள் சிலவற்றின் ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரலும் நினைவுக்கு வருகிறது.

உணவுக்கூடத்தின் கதை இன்னும் சுவையானது. தையற்கூலிக்கு உழைக்கும் தாய்மார்களுக்குச் சமைக்க நேரமில்லை. கடையில் கிடைத்ததை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதைக் கண்ட இல்லத்தார், அறிவியல் முறைப்படி சத்துகளைக் கணக்கிட்டுச் சமைத்துக் குறைந்த விலைக்கு விற்கும் கூடம் ஒன்றை அமைத்தனர். எதிர்பார்த்த அளவுக்கு வாங்குவார் இல்லை. காரணம் கேட்டபோது அயல்வீட்டுப் பெண் ஒருத்தி, உங்கள் உணவு சத்துள்ளதுதான், ஆனால் சத்துள்ளதைத் தின்பதைவிட மனசுக்குப் பிடித்ததைத் தின்பதே எனக்கு விருப்பம் என்ற பொருளில் பதில் சொன்னாளாம். அந்தப் பதிலைத் தம் நூலிலேயே எடுத்தெழுதிய அம்மையாரின் நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. சோறு போடுகிறவர் கறியின் ருசியைக் கேட்டறிய வேண்டும் என்ற பாடத்தை அவர் கற்றுக்கொண்டது அந்தப் பெண்ணிடம்.

அப்பாடத்தின் கனிதான் 1900-இல் தொடங்கிய தொழில் அருங்காட்சியகம். ஒருநாள் தெருவில் நடந்து வரும்போது, முதிய இத்தாலியப் பெண் ஒருத்தி வாயிற்படியில் அமர்ந்து தக்கிளியில் நூல் நூற்றுக்கொண்டிருப்பதை அம்மையார் கண்டார். குடியேறிய குடும்பங்களில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நாளுக்குநாள் அகன்றுவரும் பிளவைப் பற்றியே அவர் அந்நேரம் கவலைப்பட்டுக் கொண்டிருந்தார். பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகிறார்கள். ஆலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டுவருகிறார்கள். தாய்க்கோ கடைக்காரனிடம் பேசவும் பிள்ளையின் துணை வேண்டியிருக்கிறது. தாயின் கைகள் அறிந்த எந்த வேலைக்கும் அந்த நகரத்தில் மதிப்பில்லை. பிள்ளைகள் வேலை செய்யும் அந்த ஆலை இயந்திரம், தாயின் தக்கிளியிலிருந்து படிப்படியாக வளர்ந்து வந்ததுதானே? அதைக் கண்ணெதிரே காட்டினால் என்ன? இப்படி எண்ணிய அம்மையார், சிரியா, கிரேக்கம், இத்தாலி, ரஷ்யா, அயர்லாந்து ஆகிய நாடுகளின் நூற்புக் கருவிகளை வரிசைப்படுத்தி, அந்தந்த நாட்டுப் பெண்களையே வரவழைத்து நூற்கச் செய்தார்.

நூலின் உயிர்நாடியான நிகழ்ச்சி அங்கேதான் வருகிறது. ஏஞ்சலினா என்ற இத்தாலியப் பெண், சனிக்கிழமை மாலைகளில் இல்லத்தின் சமையல் வகுப்புக்கு வருவாள். அவளுடைய தாயும் அதே நேரத்தில் அருங்காட்சியகத்தில் நூற்க வருவாள். இருவரும் ஒன்றாகவே வீட்டிலிருந்து புறப்படுவார்கள். ஆனால் தாயை முன்வாயிலில் விட்டுவிட்டு, மகள் சுற்றிக்கொண்டு பக்கவாயில் வழியாக உள்ளே போவாள். தலையில் முக்காடும், காலில் முரட்டுச் செருப்பும், குட்டைப் பாவாடையுமாக நிற்கும் அந்தப் பெண்மணிக்குத் தான் மகள் என்று உடன் படிக்கும் தோழிகள் தெரிந்துகொள்ளக் கூடாதே!

ஒரு மாலை, கல்வியியல் கல்லூரியிலிருந்து வந்த பார்வையாளர்கள் தன் தாயைச் சூழ்ந்து நின்று அவளுடைய கைத்திறனை வியந்து பேசுவதை ஏஞ்சலினா கண்டாள். அமெரிக்காவிலேயே தக்கிளியில் நூற்பவர்களுள் தன் தாய்தான் தலைசிறந்தவள் போலும் என்று அவர்கள் பேச்சிலிருந்து ஊகித்துக்கொண்டு, அம்மையாரிடம் வந்து விசாரித்தாள். அம்மையார் அவளுக்குத் தாயின் கிராமத்தைப் பற்றியும், அங்கே பெண்கள் கூடிநின்று நூற்ற வாழ்வைப் பற்றியும், அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த நெரிசலில் வந்து சேர்ந்த அவள் இழந்தவற்றைப் பற்றியும் எடுத்துச் சொன்னார். பிறகு நடந்தவை இரண்டு. கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்த கைநூல் ஆடைகளைத் தாய் வெளியே எடுக்க மகள் ஒப்பினாள். அடுத்து, தாய் நுழையும் வாயிலிலேயே மகளும் வெளிப்படையாக நுழைந்தாள்.

இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் நூலை மூடி வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஓர் உம்மா, சபர் போன மகனோடு சில மாதங்கள் தங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது அவர்களுடைய வேலை. சில நாட்களில் பேரன், “நீங்கள் வாசலுக்கு வரவேண்டாம், தெருமுனை மரத்தடியில் நில்லுங்கள் உம்மும்மா, நானே வந்துவிடுகிறேன்” என்றானாம். “வெயிலில் நான் நிற்கக் கூடாதென்று பிள்ளைக்கு எவ்வளவு கரிசனம்!” என்று பெருமையாகவே சொன்னார்கள். நான் மறுமொழி கூறவில்லை.

ஆயினும், திறனாய்வாளன் கண்ணீரோடு நின்றுவிட முடியாது. ஏஞ்சலினாவின் கதையை மறுமுறை படிக்கையில் மனத்தில் சில முட்கள் தைக்கின்றன. தாயின் அருமையை மகளுக்கு உணர்த்தியவர்கள் யார்? கல்லூரியிலிருந்து வந்த அந்நியர்கள். அவர்கள் அன்று வராமல் இருந்திருந்தால்? தாயின் பெருமைக்கும் வெளியாரின் நற்சான்று தேவைப்பட்டது என்பது வேதனைதான். மேலும், உயிருள்ள ஒரு பெண்ணைக் காட்சிக்கூடத்தில் அமர்த்திப் பலரும் பார்க்கச் செய்வதில் ஓர் இழிவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதல்லவா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தாய் இந்தப் பக்கங்களில் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை. மகள் கேட்கிறாள், அம்மையார் சொல்கிறார், விருந்தினர் வியக்கிறார்கள். தாய் நூற்கிறாள்.

இந்தக் குறையை ஓரளவு தீர்க்க வருவதுதான் ஹில்டாவின் நூல். 1882-இல், ரஷ்யப் பேரரசின் கீழிருந்த போலந்தில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். தந்தை கல்லறைக் கற்களில் எழுத்துப் பொறிக்கும் தொழிலாளி. 1892-இல் குடும்பம் சிகாகோவுக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் தந்தை மறைந்தார். தாய்க்குப் பிள்ளைகள் பலர். யூதர்கள் தம்மவருக்கென நடத்திய பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுமி, பதின்மூன்று பதினான்கு வயதில் பின்னலாடைத் தொழிற்சாலைக்குப் போனார். தொழிற்சங்கக் கூட்டத்துக்குச் சென்ற குற்றத்துக்காக வேலையையும் பின்னர் இழந்தார்.

ஹல் இல்லத்துக்கு அவர் முதன்முதல் சென்றது 1895-இல், கிறிஸ்துமஸ் விருந்துக்கு. அழைத்தவள் ஓர் ஐரிஷ் தோழி. சிறுமிக்கு நடுக்கம். போலந்தில் அந்நாளில் யூதப் பிள்ளைகள் வெளியே தலைகாட்டினால் அடி விழும், உயிருக்கும் உறுதியில்லை. அந்த அச்சத்தைச் சுமந்துகொண்டே உள்ளே நுழைந்தவர் கண்டது, பல நாட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும் காட்சியை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. இந்த ஓரிடத்தில் ஹில்டா காட்டும் உண்மை, ஆடம்ஸ் அம்மையாரின் நூல் முழுவதிலும் இல்லாத ஒன்று. உதவி செய்பவருக்குக் கதவைத் திறந்து வைப்பது எளிது. அந்தக் கதவுக்குள் காலெடுத்து வைக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பது நுழைபவருக்கே தெரியும். சிறுபான்மையினராக வாழ்ந்து பழகிய எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு சில ஆண்டுகள் கழித்து, தொழிற்சாலை வாழ்வில் சலித்துப்போன ஒரு மாலையில் ஹில்டா மீண்டும் அங்கே சென்றார். அம்மையாரே அவரை அழைத்துச் சென்று அருங்காட்சியகத்தைக் காட்டினார். தினமும் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்ணுக்கு, அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பது அன்றுதான் விளங்கியது. அதன்பின் அவர் வளர்ந்த வேகம் வியப்பூட்டுவது. வாசிப்பு வகுப்புகள், 1904-இல் அம்மையாரின் முயற்சியால் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பருவப் படிப்பு, திரும்பி வந்து, புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆங்கில ஆசிரியை. நேற்றுவரை மாணவியாய் இருந்தவருக்குப் பாடநூல்களின் வறட்சி நன்றாகவே தெரியும். வளர்ந்த ஆண்களையும் பெண்களையும் பாலர் பாடத்தைச் சொல்ல வைப்பதா? அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தையே எடுத்து வைத்துக்கொண்டு அவர் மொழி கற்பித்தார். மனிதர் யாவரும் சமம் என்ற கருத்தின் வழியாக ஒரு மொழிக்குள் நுழைவது, பூனையையும் பாயையும் வைத்து நுழைவதைவிடக் கௌரவமானது என்பதை மறுப்பதற்கில்லை. லெராய் ஸ்காட் எழுதிய தொழிற்சங்க நாவல் ஒன்றை ஹில்டா நாடகமாக்க, இல்லத்தின் நாடகக் குழுவினர் அதை 1912-இல் மேடையேற்றினர். பின்னலாடை இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தவர் ஒரு மேடைக்கே ஆசிரியரானார்.

கலை வாழ்வின் அலங்காரம், வயிறு நிறைந்தபின் வரவேண்டியது என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. ஹல் இல்லத்தின் வரலாறு அதை ஒப்பவில்லை. 1893-இலேயே அங்கே இசைப்பள்ளி ஏற்பட்டுவிட்டது. யூதக் குடியேறிகளின் மகனான பென்னி குட்மன் சிறுவனாக அங்கிருந்த இசைக்குழுவில் வாசித்தவர். 1938-இல் நியூயார்க்கின் கார்னெகி மன்றத்தில் அவருடைய க்ளாரினெட் ஒலித்ததை ஜாஸ் இசை அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது கிரேக்கர்களின் நாடகம். தெருவில் பழமும் காய்கறியும் கூவி விற்று, படிப்பறியாத மூடர் என்று ஏளனம் செய்யப்பட்டவர்கள் அவர்கள். 1903-இல் அவர்களே சொபொக்ளீஸின் ‘அஜாக்ஸ்’ நாடகத்தைத் தம் முன்னோர் மொழியிலேயே அந்த இல்லத்தின் மேடையில் நடித்தனர். தள்ளுவண்டிக்காரர்களைக் காண நகரத்தின் கற்றறிந்தோர் வந்து அமர்ந்தார்கள். ஏஞ்சலினாவின் தாயைப் போல் இவர்கள் மௌனமாக இல்லை. தங்கள் பெருமையைத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள்.

எல்லாக் கதவும் திறந்திருந்ததாக எண்ணிவிடக் கூடாது. 1909-இல் கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கம் தோன்றியபோது அதற்குத் துணைநின்றவர்களுள் ஆடம்ஸும் ஒருவர். ஆயினும் அவருடைய இல்லத்து வகுப்புகளிலும் மன்றங்களிலும் கறுப்பின மக்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்குக் கிட்டிய அயலார் என்ற உறவு, அமெரிக்காவிலேயே பிறந்தவர்களுக்குக் கிட்டவில்லை. நூலைப் போற்றுவோர் பலர் இதைக் கடந்து சென்றுவிடுகிறார்கள்.

1989-இல், அதாவது ஹில்டாவின் நூல் வெளிவந்த அதே ஆண்டில், வரலாற்றாசிரியர் ரிவ்கா ஷ்பாக் லிசாக் ஹல் இல்லத்தைப் பற்றிக் கடுமையான ஆய்வு ஒன்றை வெளியிட்டார். குடியேறிகளின் பண்பாட்டை மதிப்பதாகச் சொன்னாலும், காலப்போக்கில் அவர்கள் அமெரிக்கப் பெருவாழ்வில் கரைந்துவிட வேண்டும் என்பதே இல்லத்தாரின் உள்நோக்கு என்பது அவர் வாதம். குடியேறிகள் தங்களுக்கெனத் தாங்களே அமைத்துக்கொண்ட சங்கங்களும் பள்ளிகளும் வழிபாட்டிடங்களுமே அவர்களைத் தாங்கி நின்றன என்றும் காட்டுகிறார். முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஹில்டா கரைந்துபோனவராகத் தெரியவில்லை. கற்று, எதிர்த்து, எழுதியவராகத் தெரிகிறார். ஆனால் லிசாக் எழுப்பும் வினா வலிமையானது. பிறர் கட்டிய வீட்டில் நமக்கென ஒரு வாயில் வைத்துக்கொள்வதா, நாமே ஒரு வீட்டைக் கட்டிக்கொள்வதா?

இரண்டாவது வழிக்கு நம் மக்களிடமே சான்று உண்டு. அவர்களும் நூலோடு தொடர்புடையவர்கள் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். நெல்லைச் சீமையின் கடையநல்லூரிலிருந்து கைத்தறி நெசவாளர்கள் குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூர் சென்று தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்தனர். 1941-இல் அவர்கள் அமைத்ததே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக். போர் ஓய்ந்தவுடன், 1946-இல், அந்த லீக் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவியது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் உமறுப்புலவர் என்பது. செல்வர் ஒருவர் பெயரையோ ஊர்ப் பெயரையோ வைத்திருக்கலாம். சீறாப்புராணம் பாடிய கவிஞரின் பெயரை வைத்தார்கள். தறியை விட்டுவந்த அவர்கள், காவியத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. அங்கே எந்தத் தாயும் காட்சிப்பொருளாக அமர வேண்டியிருக்கவில்லை. அவள் பேசிய மொழியிலேயே பாடம் நடந்தது.

ஆனால் அந்தப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. வாழ்வுக்கு வழி ஆங்கிலத்தில் இருக்கிறது என்று பெற்றோர் கருதியபோது தமிழ்வழி வகுப்பறைகள் காலியாயின. அந்தப் பெற்றோரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஹில்டாவின் தாயும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பார். உமறுப்புலவர் பெயர் மட்டும் 1983 முதல் அந்நாட்டின் தமிழ்மொழி நிலையம் ஒன்றில் நிலைத்திருக்கிறது. ஹல் இல்லமும் தப்பவில்லை. புதிய பல்கலைக்கழக வளாகத்துக்காக 1963-இல் அதன் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. பழைய மாளிகையும் உணவுக்கூடமும் மட்டுமே எஞ்சி, இன்று காட்சியகமாக இருக்கின்றன. அதன் பணியைத் தொடர்ந்து வந்த சங்கமும் 2012-இல் மூடப்பட்டுவிட்டது.

இரு நூல்களில் எதைப் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ஹில்டாவின் நூலையே முதலில் சொல்வேன். நடையில் ஆடம்ஸ் அம்மையார் உயர்ந்தவர், சிந்தனையில் ஆழமானவர். ஹில்டாவின் எழுத்து சில இடங்களில் தடுமாறுகிறது. அம்மையாரைப் பற்றிப் பேசும்போது பக்தி மிகுந்து தராசு ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது. குறையென ஒன்றையும் அவர் காணவில்லை. எனினும் படியேறி வந்தவரின் மூச்சிரைப்பு அந்த நூலில்தான் கேட்கிறது.

அந்த நூலும் எளிதில் வெளிவந்துவிடவில்லை. முதுமையில் ஹில்டா தம் வாழ்க்கையை எழுதி முடித்துப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். எதுவும் ஏற்கவில்லை. 1967-இல் அவர் காலமானார். கையெழுத்துப்படி வீட்டிலேயே கிடந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதைச் செப்பம் செய்து, தாயின் பெயரோடு இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வாயிலாக வெளிக்கொணர்ந்தவர் அவருடைய மகள்.